நாயின் கண் சுருங்கினால் நாளைவரை காத்திருக்க வேண்டாம்

எங்கள் வீட்டு ஜிம்மிக்கு ஆறு வயது. ஷிட்சு இனம். இப்போது அவனுக்கு ஒரு கண்தான் இருக்கிறது. மற்றக் கண்ணுக்கு என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அதே தவறு எம்மவர் வீடுகள் பலவற்றிலும் நடக்கக்கூடியது.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. நாங்கள் இருப்பது ரொறன்ரோவில்; வெளியே நல்ல பனி. பின்வளவுச் செடிகளுக்குள் ஓடிவிட்டு உள்ளே வந்த ஜிம்மி இடது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நின்றான். நான் மாலை வேலைக்குப் போயிருந்தேன். வீட்டில் அம்மாவும் மகனும்தான். தூசி ஏதும் பட்டிருக்கும் என்று அம்மா நினைத்தார். அவருக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் கண்புரை சத்திரசிகிச்சை நடந்திருந்தது. அப்போது கொடுத்த துளி மருந்தில் பாதி அலுமாரியில் மிஞ்சிக் கிடந்தது. "மனுசருக்கு நல்லதெண்டால் நாய்க்கும் நல்லதுதானே" என்று இரண்டு துளி விட்டார்.

அடுத்த நாள் காலை கண்ணின் சிவப்புக் குறைந்திருந்தது. மருந்து வேலை செய்கிறது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். சனிக்கிழமையும் விட்டோம், ஞாயிறும் விட்டோம். ஞாயிறு இரவு பார்த்தபோது கண்ணின் நடுப்பகுதி நீலம் கலந்த வெள்ளையாகி, கூழ்போல வழிந்துகொண்டிருந்தது. அவசர மிருக வைத்தியசாலைக்கு ஓடினோம். அங்கே முதலில் கேட்ட கேள்வி, "வீட்டில் ஏதாவது மருந்து விட்டீர்களா?" என்பதுதான். அம்மா கைப்பையில் கொண்டு வந்திருந்த போத்தலை எடுத்துக் கொடுத்தார். அதில் இருந்தது ஸ்டீரொயிட். கண்ணில் முதலில் இருந்தது ஒரு சிறு கீறல் மட்டுமாக இருந்திருக்கும் என்றும், தகுந்த மருந்துடன் ஒரு வாரத்தில் ஆறியிருக்கக்கூடும் என்றும் வைத்தியர் சொன்னார். ஸ்டீரொயிட் அந்தப் புண்ணை ஆறவிடாமல் தடுத்து, கிருமிக்கும் வழி திறந்துவிட்டது. கண்ணில் ஓட்டை விழுந்துவிட்டது. மறுநாள் கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று.

வைத்தியர் சொன்னதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னவன் பதினொரு வயது மகன். "அம்மம்மாவில பிழையில்லை" என்று அவனாகவே ஒரு வரி சேர்த்துக்கொண்டான். அம்மா நம்பவில்லை. "நான்தானே விட்டனான்" என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு வைத்தியர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். இது வைத்தியருக்குப் பதிலாக அல்ல. எப்போது வைத்தியரிடம் போக வேண்டும், எவ்வளவு விரைவாகப் போக வேண்டும், அதற்கிடையில் எதைச் செய்யக்கூடாது என்பதை அறிந்துகொள்ளத்தான்.

ஏன் எங்கள் வீடுகளில் இது முக்கியம்

ஊரில் நாய் முற்றத்தில் படுத்தது. பூனை குசினிக்கும் கூரைக்கும் இடையில் வாழ்ந்தது. அவற்றின் கண்ணை யாரும் கிட்ட நின்று பார்த்ததில்லை. புலம்பெயர்ந்த நாடுகளில் நாயும் பூனையும் எங்கள் கட்டிலில் படுக்கின்றன. பிள்ளைகளின் ஆசைக்காக வாங்கப்படும் நாய்களில் பல, மாடி வீட்டுக்கு ஏற்ற சிறிய, தட்டை முகம் கொண்ட இனங்கள்: ஷிட்சு, பக், பிரெஞ்சு புல்டோக், பெக்கினீஸ். பூனைகளில் பேர்சியன். இவற்றின் மூக்கு குட்டை, கண்குழி ஆழமில்லை, கண் வெளியே தள்ளி நிற்கும். சிலவற்றுக்கு இமை முழுதாக மூடாது. அதனால் கண் காய்வதும் கீறுபடுவதும் அதிகம்.

இங்கிலாந்தில் 2017 இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மிருக வைத்தியர்களிடம் வந்த எல்லா நாய்களையும் சேர்த்துப் பார்த்தால் கண்புண் வந்தவை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. பக் இனத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் நூற்றுக்கு ஐந்துக்கும் மேல். நெதர்லாந்து 2019 முதல், மூக்கு மிகவும் குட்டையான நாய்களை இனப்பெருக்கம் செய்வதற்குக் கடுமையான கட்டுப்பாடு கொண்டுவந்திருக்கிறது. கண்ணும் மூச்சும் படும் பாடுதான் அதற்குக் காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. பகல் முழுவதும் நாங்கள் வேலையில், பிள்ளைகள் பள்ளியில். நாயோடும் பூனையோடும் வீட்டில் இருப்பவர்கள் எங்கள் பெரியவர்கள். முதலில் காண்பவர்களும் அவர்கள்தான். ஆனால் வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்ல அவர்களுக்கு மொழி தடையாக இருக்கிறது. அதனால்தான் "மகள் வரட்டும்", "திங்கள் பார்ப்போம்" என்று நேரம் போய்விடுகிறது.

வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி

நாயும் பூனையும் வலியை மறைக்கப் பழகியவை. கண் வலித்தாலும் பெரும்பாலும் கத்தாது, அழாது, சாப்பிடுவதையும் நிறுத்தாது. வலியின் முதல் அடையாளம் கண்ணைச் சுருக்குவதுதான். ஒரு கண் மற்றதைவிடச் சிறிதாகத் தெரிந்தால், அடிக்கடி இமைத்தால், முன்னங்காலால் தேய்த்தால், முகத்தைக் கம்பளத்தில் உரசினால் அதை வலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். "நித்திரைக் கலக்கம்" என்று விடாதீர்கள்.

வாரத்துக்கு ஒரு முறையாவது வெளிச்சத்தில் வைத்து இரண்டு கண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவா? இரண்டின் நடுவிலுள்ள கரும்பொட்டும் ஒரே அளவா? கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கிறதா, மங்கலா? வெள்ளைப் பகுதி சிவந்திருக்கிறதா? வடிவது தண்ணீர்போலவா, மஞ்சள் பச்சையாகவா?

வடிதலின் நிறம் கொஞ்சம் சொல்லும். காலையில் கண்ணின் மூலையில் சிறிது பழுப்புப் பீளை இருப்பது வழமை. வெள்ளை நிற நாய்களின் மூக்கோரம் செம்பழுப்புக் கறை படிவது கண்ணீரில் உள்ள ஒரு நிறப்பொருளால். அது இரத்தம் அல்ல. தெளிந்த நீர் தொடர்ந்து வடிந்தால் உறுத்தல், ஒவ்வாமை, அல்லது கண்ணீர்க்குழாய் அடைப்பாக இருக்கலாம். மஞ்சள் அல்லது பச்சை நிறத்தில் கெட்டியாக வந்தால் கிருமித்தொற்றோ கண் காய்தலோ இருக்கலாம்.

நாயின் கண்ணின் உள்மூலையில் மூன்றாவது இமை ஒன்று இருக்கிறது, பூனைக்கும் உண்டு. வழமையாக அது தெரியாது. வெளிர் நிறத் தோல்போல அது மேலேறி நின்றால் கண் வலிக்கிறது, அல்லது உடம்பில் வேறு சுகவீனம் இருக்கிறது என்று பொருள்.

கண்புண்: மணித்தியாலக் கணக்கில் பார்க்க வேண்டியது

கண்ணின் முன்பக்கம் கண்ணாடிபோல இருக்கும் படலத்தை விழிவெண்படலம் என்பார்கள். நாய்க்கு அதன் தடிப்பு அரை மில்லிமீற்றரைவிடச் சற்றே கூட. அவ்வளவு மெல்லிய படலத்தில் பூனையின் நகமோ, செடியின் முள்ளோ, புல்லின் விதையோ, கண்ணுக்குள் போன சவர்க்காரமோ கீறல் உண்டாக்கலாம். அதுதான் ஜிம்மிக்கு வந்த கண்புண்.

வைத்தியர் இதைக் கண்டுபிடிக்கும் முறை எளிது. செம்மஞ்சள் நிறச் சாயம் ஒரு துளி விடுவார். கீறல் இருக்கும் இடம் நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும். சில நிமிட வேலை. மேலோட்டமான புண் நுண்ணுயிர்க்கொல்லித் துளியும் வலி மருந்தும் கொடுத்தால், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் ஆறிவிடும். கழுத்தில் கூம்பு வடிவப் பட்டி போட்டு, கால் கண்ணைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். "பாவம், கழட்டி விடுங்கோ" என்று வீட்டில் ஒருவர் நிச்சயம் சொல்வார். கழற்றிவிட்ட சில நிமிடத் தேய்ப்பில் ஆறிய புண் மறுபடி கிழியும்.

ஆனால் புண்ணில் சில வகைக் கிருமிகள் ஏறினால் படலம் கரையத் தொடங்கும். அப்போது 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் கண்ணில் ஓட்டை விழலாம். வெள்ளிக்கிழமை மாலைக்கும் திங்கட்கிழமை காலைக்கும் இடையில் ஒரு கண் போய்விடும் என்பது இதனால்தான்.

சிவந்த கண் எல்லாம் "கண்நோய்" அல்ல

மனிதருக்குக் கண் சிவந்து பீளை வந்தால் கண்நோய் என்று சொல்லி ஒரு துளி மருந்தோடு முடித்துவிடுவோம். நாய்க்கு அப்படித் தனியாகக் கிருமியால் வருவது குறைவு. பெரும்பாலும் பின்னால் வேறொரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைத் தேடாமல் மருந்து விட்டால் நிறுத்திய உடனே திரும்ப வரும்.

அதில் அடிக்கடி தவறவிடப்படுவது கண் காய்தல். கண்ணீர்ச் சுரப்பியை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்கி அழிப்பதால் இது வருகிறது. கொக்கர் ஸ்பானியல், வெஸ்ட் ஹைலண்ட் டெரியர், ஷிட்சு, புல்டோக் போன்ற இனங்களில் அதிகம். அடையாளம், எவ்வளவு துடைத்தாலும் திரும்ப வரும் பசைபோன்ற பீளையும் பளபளப்பு இழந்த கண்ணும். வைத்தியர் கீழிமைக்குள் ஒரு காகிதத் துண்டை ஒரு நிமிடம் வைத்து, அது எவ்வளவு நனைகிறது என்று அளப்பார். 15 மில்லிமீற்றருக்கு மேல் நனைந்தால் சரி. 10 இற்குக் கீழே என்றால் கண் காய்கிறது. சைக்ளோஸ்போரின் அல்லது டாக்ரோலிமஸ் சேர்ந்த மருந்து சுரப்பியைத் திரும்ப வேலை செய்ய வைக்கும். பலன் தெரியச் சில வாரங்கள் எடுக்கலாம். பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் விட வேண்டும். நல்லாகிவிட்டது என்று நிறுத்தினால் கண் மறுபடி காய்ந்து, கறுப்புப் படலம் ஏறிப் பார்வை போகும்.

இளம் நாய்களில் கண்ணின் உள்மூலையில் திடீரென்று ஒரு சிவந்த உருண்டை தோன்றும். பார்ப்பவர்கள் கட்டி என்று பயந்துபோவார்கள். அது மூன்றாவது இமையின் கண்ணீர்ச் சுரப்பி இடம்பெயர்ந்து வெளியே வந்தது. செரிப்பழம்போல இருப்பதால் ஆங்கிலத்தில் செரிக் கண் என்று சொல்வார்கள். அந்தச் சுரப்பி கண்ணீரில் கணிசமான பங்கைத் தருவது. ஆகவே அதை வெட்டி எறியக்கூடாது. சத்திரசிகிச்சை மூலம் உள்ளே வைத்துத் தைக்க வேண்டும். வெட்டிவிட்டால் சில வருடங்களில் கண் காயும். மலிவாக வெட்டித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

இன்னும் சில நாய்களுக்கு இமை உட்புறம் மடிந்து, மயிர் கண்ணில் உரசிக்கொண்டே இருக்கும். ஷார்பே, சௌசௌ, புல்டோக் இனங்களில் இது அதிகம். இதற்குத் துளி மருந்து தீர்வல்ல. இமையைத் திருத்தும் சத்திரசிகிச்சைதான்.

கண் வெள்ளையானால்

வயதான நாயின் கண் நீலச் சாம்பலாக மாறுவதைக் கண்டு, "கண்புரை வந்துவிட்டது, பார்வை போகப் போகிறது" என்று கவலைப்படுவோர் பலர். ஏறத்தாழ ஏழு வயதுக்குப் பிறகு கண்ணின் வில்லை இறுகுவதால் இந்த மங்கல் பெரும்பாலான நாய்களுக்கு வரும். பார்வை ஏறக்குறைய அப்படியே இருக்கும். மருந்து எதுவும் வேண்டியதில்லை.

கண்புரை வேறு. அது பால் வெள்ளையாக இருக்கும், பார்வையை மறைக்கும். இரண்டுக்கும் வேறுபாடு சொல்வது வைத்தியரின் வேலை. கண்புரையைக் கரைக்கும் துளி மருந்து எதுவும் இல்லை. இணையத்தில் விற்பவற்றுக்குக் காசைக் கொட்டாதீர்கள். மனிதருக்குச் செய்வதுபோல் வில்லையை உடைத்து உறிஞ்சி எடுக்கும் சத்திரசிகிச்சை மட்டுமே வழி.

நாய்க்கு நீரிழிவு இருந்தால் கண்புரை வேகமாக வரும். நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்டு ஏறத்தாழ ஒரு வருடத்துக்குள் பெரும்பாலான நாய்களுக்கு வந்துவிடுகிறது. ஆகவே நடுவயது நாய் அதிகம் தண்ணீர் குடித்து, அதிகம் சிறுநீர் கழித்து, கண்ணும் வெள்ளையானால் இரத்தத்தில் சீனியைப் பரிசோதிக்கக் கேளுங்கள். பூனைக்கு நீரிழிவு வந்தாலும் கண்புரை வருவது அரிது.

கண் அழுத்தம்

குளுக்கோமா என்ற கண் அழுத்த நோய் எங்கள் பெரியவர்களுக்கும் பழக்கமான பெயர். மனிதருக்கு அது பெரும்பாலும் வலியில்லாமல் மெதுவாக வரும். நாய்க்கு அப்படியல்ல, திடீரென்று, கடும் வலியோடு வரும். கண் சிவக்கும், படலம் நீலமாக மங்கும், கரும்பொட்டு விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நிற்கும். நாய் தலையைத் தொட விடாது, ஒதுங்கிப் படுக்கும். கொக்கர் ஸ்பானியல், பீகிள், பாசெட் ஹவுண்ட், ஹஸ்கி போன்ற இனங்களில் பரம்பரையாக வருகிறது.

நாயின் கண் அழுத்தம் வழமையாக ஏறத்தாழ 10 முதல் 25 வரை இருக்கும். அதற்கு மேல் நன்றாக ஏறிவிட்டால் பார்வை நரம்பு மணித்தியாலங்களிலிருந்து ஓரிரு நாளுக்குள் கெட்டுவிடும். கெட்ட நரம்பு திரும்ப வராது. கண்ணைக் காப்பாற்ற முடியாமல் போனாலும் வைத்தியரைப் பார்ப்பது வீணல்ல. பரம்பரைக் குளுக்கோமா என்றால் மற்றக் கண்ணுக்கும் வரும். முன்கூட்டியே துளி மருந்து விட்டால் அது வருவதைத் தள்ளிப்போடலாம்.

பூனையின் கண்: மூன்று விடயங்கள்

முதலாவது ஹேர்ப்பிஸ் வைரசு. குட்டியாக இருக்கும்போதே பெரும்பாலான பூனைகளுக்கு இது தொற்றிவிடுகிறது. பிறகு நரம்புக்குள் ஒளிந்திருந்து, வீடு மாறும்போது, புதிய மிருகம் வரும்போது, நாங்கள் விடுமுறைக்குப் போய்ப் பூனையை வேறிடத்தில் விடும்போது திரும்பத் தலைகாட்டும். தும்மல், கண்ணீர், சிவந்த இமை, சில வேளை கண்புண். தடுப்பூசி நோயை முற்றாகத் தடுக்காவிட்டாலும் கடுமையைக் குறைக்கும். வைத்தியர் பூனைக்குப் பொருத்தமான வைரசு மருந்து தருவார். ஆனால் மனிதர் ஹேர்ப்பிசுக்கு எடுக்கும் வலசைக்ளோவிர் குளிசை பூனைக்கு உயிராபத்து. பெயர் ஒன்றுதானே என்று கொடுத்துவிடாதீர்கள். பூனையின் ஹேர்ப்பிஸ் பிள்ளைகளுக்குத் தொற்றாது. ஆனாலும் கிளமீடியா போன்ற வேறு கிருமிகளும் பூனையின் கண்ணில் வரலாம் என்பதால் துடைத்த பின் கையைக் கழுவுங்கள்.

இரண்டாவது இரத்த அழுத்தம். பத்து வயது தாண்டிய பூனை ஒன்று காலையில் சுவரில் முட்டுகிறது. கண் இரண்டும் கறுப்பாக விரிந்து நிற்கின்றன. சிறுநீரக நோய் அல்லது தைரொயிட் சுரப்பு அதிகமானதால் இரத்த அழுத்தம் ஏறி, விழித்திரை கழன்றுவிடுவதே இதற்கு முக்கிய காரணம். சிகிச்சைக்குப் பயன்படும் முதன்மை மருந்து அம்லோடிபின். ஆம், எங்கள் பெரியவர்கள் பலர் தினமும் விழுங்கும் அதே மருந்துதான். அதனால் வீட்டுக் குளிசையை உடைத்துக் கொடுக்கலாம் என்று பொருளல்ல. பூனைக்கு அளவு மிகச் சிறியது, அழுத்தத்தை அளந்துதான் கொடுக்க வேண்டும். உடனடியாகத் தொடங்கினால் சில பூனைகளுக்குப் பார்வை ஓரளவு திரும்பும். அதைவிட நல்லது, வயதான பூனைக்கு வருடம் ஒரு முறையாவது இரத்த அழுத்தம் அளக்கக் கேட்பது.

மூன்றாவது சாப்பாடு. டோரின் என்ற சத்துப்பொருள் பூனைக்கு இறைச்சி, மீனிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அதன் உடம்பு போதுமான அளவு உண்டாக்காது. டோரின் இல்லாத உணவால் பூனையின் விழித்திரை அழிகிறது என்பது 1975 இல் ஆய்வில் காட்டப்பட்டது. பின்னர் இதயத்தையும் அது பாதிக்கும் என்று தெரியவந்தது. சைவ வீடுகளில் சோறும் பாலும் மட்டும் கொடுத்து வளர்ப்பதும், நாய்க்கு வாங்கும் உணவையே பூனைக்கும் வைப்பதும் மெதுவாகக் கண்ணைக் கெடுக்கும். அழிந்த விழித்திரை திரும்பாது. பூனைக்கென்று தயாரித்த முழுமையான உணவைக் கொடுங்கள். நாங்கள் சைவமாக இருக்கலாம், பூனையால் முடியாது.

பேர்சியன் பூனையின் கண் நடுவில் பழுப்பு அல்லது கறுப்புப் பொட்டு வந்தால் அது அழுக்கல்ல. துடைத்து எடுக்கப் பார்க்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அலுமாரியைத் திறக்க முன்பு

மனிதரின் கண் மருந்துகளில் பலவற்றில் ஸ்டீரொயிட் இருக்கிறது. போத்தலில் டெக்சாமெதசோன், பிரெட்னிசொலோன், ஹைட்ரோகோர்ட்டிசோன் என்று எழுதியிருந்தால் அது ஸ்டீரொயிட். அது சிவப்பைக் குறைத்துக் காட்டும்; எங்களைப் போலவே நீங்களும் ஏமாறுவீர்கள். சாயம் விட்டுப் பார்த்து, புண் இல்லை என்று வைத்தியர் உறுதி செய்த பிறகே அது கண்ணுக்குள் போகலாம். நாய்க்குப் போன முறை தந்த மிச்ச மருந்துக்கும் இதே விதிதான்.

நுண்ணுயிர்க்கொல்லி மட்டும் உள்ள துளி சில நாடுகளில் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. அதையும் கேளாமல் விடாதீர்கள். பொலிமிக்சின் சேர்ந்த கண் மருந்து, அரிதாகச் சில பூனைகளுக்கு உயிராபத்தான ஒவ்வாமையை உண்டாக்கியிருக்கிறது. நாயின் என்ரோபுளோக்சசின் குளிசையைப் பூனைக்குக் கொடுத்தால், அளவு கூடிவிட்டால், பார்வையே போகும். வலிக்கு என்று பனடோல் கொடுக்கவே கூடாது: ஒரு குளிசை ஒரு பூனையைக் கொல்லப் போதும். ஐபுப்ரோபென் நாய்க்கும் நஞ்சு.

எங்கள் கைவைத்தியத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு, மஞ்சள் தண்ணீர், தேயிலைச் சாயம், விளக்கெண்ணெய் எல்லாம் அன்பால் விடப்படுபவை. ஆனால் கீறுபட்ட கண்ணுக்குள் அவை கிருமியையும் உறுத்தலையும்தான் கொண்டுபோகும்.

அப்படியானால் வீட்டில் என்ன செய்யலாம்? மருந்துக்கடையில் விற்கும் கிருமிநீக்கிய உப்புநீரால், அல்லது கொதித்தாறிய தண்ணீரில் நனைத்த துணியால், வெளியே உள்ள பீளையை மெதுவாகத் துடைக்கலாம். ஒரு கண்ணுக்கு ஒரு துணி. சவர்க்காரமோ வேறு ஏதாவதோ கண்ணில் பட்டிருந்தால், உடனே அந்த உப்புநீரையோ சுத்தமான தண்ணீரையோ பல நிமிடங்கள் ஊற்றிக் கழுவி, பிறகு வைத்தியரை அழையுங்கள். கண்ணில் குத்தி நிற்கும் எதையும் இழுக்காதீர்கள். கூம்புப் பட்டி இருந்தால் போட்டுவிடுங்கள். தட்டை முக நாய்க்குச் சண்டையிலோ, கழுத்தை இறுக்கிப் பிடித்ததாலோ கண் குழியிலிருந்து வெளியே வந்துவிட்டால், ஈரத் துணியால் மூடிக்கொண்டு அந்த நிமிடமே புறப்படுங்கள்.

வைத்தியர் தந்த துளியை விடும்போது முன்னால் நின்று விடாதீர்கள், மிருகம் பயப்படும். பின்னால் இருந்து நாடியை உயர்த்தி, மேலிமையை இழுத்து, போத்தல் நுனி கண்ணைத் தொடாமல் ஒரு துளி. இரண்டு மருந்து என்றால் இடையில் ஐந்து முதல் பத்து நிமிடம் விடுங்கள். துளி முதலில், களிம்பு கடைசியில்.

செலவும் மொழியும்

பலர் தாமதிப்பது அக்கறையில்லாததால் அல்ல, செலவுக்குப் பயந்துதான். ஜிம்மியின் கணக்கில் நான் கற்றது இது: வெள்ளிக்கிழமையே போயிருந்தால் ஒரு பரிசோதனையும் ஒரு துளி மருந்தும்தான் செலவு. திங்கட்கிழமை அது சத்திரசிகிச்சையானது. தட்டை முக நாய் வாங்குவதாக இருந்தால் குட்டியிலேயே காப்புறுதி எடுங்கள். நோய் வந்தபின் எடுத்தால் பெரும்பாலும் அந்த நோய்க்குப் பணம் தரமாட்டார்கள். வருமானம் குறைந்தவர்களுக்குப் பிரித்தானியாவில் பிடிஎஸ்ஏ, புளூ குரொஸ் போன்ற தொண்டு அமைப்புகளும், ஒன்ராறியோவில் பார்லி அறக்கட்டளையும் உதவுகின்றன. தகுதி விதிகள் உண்டு. நோய் வருமுன்பே விசாரித்து வையுங்கள்.

மொழிக்கு எங்கள் வீட்டில் கண்ட வழி, பிரிட்ஜில் ஒட்டிய ஒரு தாள். மேலே எங்கள் மிருக வைத்தியரின் எண்ணும் இரவில் திறந்திருக்கும் அவசர வைத்தியசாலையின் எண்ணும். கீழே தமிழில் ஏழு வரி:

கண்ணைச் சுருக்குகிறது, அல்லது திறக்கவில்லை.
கண் திடீரென்று நீலமாக, வெள்ளையாக மங்கியது.
ஒரு கண் மற்றதைவிடப் பெரிதாகத் தெரிகிறது.
இரண்டு கரும்பொட்டும் ஒரே அளவில்லை.
கண்ணில் இரத்தம், அல்லது ஏதோ குத்தியிருக்கிறது.
சுவரில், கதிரையில் முட்டுகிறது.
மஞ்சள், பச்சைப் பீளை வருகிறது.

முதல் ஆறில் ஒன்றைக் கண்டாலும் அன்றே, இரவானாலும். ஏழாவது மட்டும் என்றால், கண் நன்றாகத் திறந்திருந்தால், அடுத்த நாள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதற்குரிய ஆங்கில வசனத்தை மகன் தமிழ் எழுத்தில் எழுதிவைத்திருக்கிறான். அம்மம்மா அதைப் பார்த்துத் தொலைபேசியில் வாசித்தால் போதும். கண்ணைப் படம் எடுத்து அனுப்பவும் அவருக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறான்.

போன ஐப்பசியில் ஒரு நாள் பகல், நான் வேலையில் இருந்தபோது அம்மா அழைத்தார். "ஜிம்மி மற்றக் கண்ணைச் சுருக்கிறான். நான் ஒண்டும் விடேல்லை. அவையளுக்கு போன் பண்ணிட்டன், மூண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கினம்" என்றார். சாயம் விட்டுப் பார்த்தார்கள். சிறு கீறல். ஆறு நாளில் ஆறிவிட்டது.